குறுவாளுக்கு வைத்த சந்தனம்

எங்களுக்கு மேல்வீட்டில் இருந்த நோர்வேக்காரர் உளுந்து வடையை முள்ளுக்கரண்டியாலும் கத்தியாலும் வெட்டித்தான் சாப்பிடுவார். ஓட்டையைச் சுற்றி நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் சம்பலில் தோய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். கையால் சாப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு பழகிவிட்டது. நோர்வேயில், எல்லிங்ஸ்ருட்டில் இந்த அடுக்குமாடிப் புளொக்குக்கு நாங்கள் குடிவந்த காலத்தில், படிக்கட்டில் கண்டால் வணக்கம் சொல்லி நின்று கதைத்த ஒரே ஆள் அவர். மற்றவர்கள் கெட்டவர்கள் என்றில்லை, இந்த ஊர்ச் சனம் அப்படித்தான்.

அவர் கப்பலில் இயந்திரப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். மனைவி இறந்து பல வருடம். என் மனுசன் பஸ் திருத்தும் பட்டறையில் வேலை. இவருடைய நோர்வேஜிய மொழியில் ஆணி, சுரை, பல்சக்கரம், எண்ணெய் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கும். "வானிலை எப்படி" என்று கேட்டால் திணறுவார். மேல்வீட்டுக்காரருக்கு அது போதுமாக இருந்தது. இரண்டு பேரும் ஒரு பழுதான தண்ணீர்ப் பம்பை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சந்தோசமாக இருப்பார்கள். இனம் இனத்தோடு சேரும் என்று நான் கேலி செய்வேன். வேலை முடிந்து வந்ததும் இவர் தேநீர் குடிக்காமலே மேலே ஏறிப்போகும் நாட்களில் கேலி கொஞ்சம் கோபமாகவும் மாறும்.

அப்படி ஏறிப்போன ஒரு நாள்தான் அந்தக் குறுவாளை முதலில் பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் இருந்துகொண்டு சோற்றைத் தொடாமல் கதைத்தார்.

"இஞ்சரும், மேலை ஒரு சாமான் இருக்குது. யப்பான்காரன்ரை வேலை. நீர் ஒருக்கா வந்து பாக்க வேணும்."

"என்ன சாமான்?"

"சின்ன வாள்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆயுதங்களுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்த சனம் நாங்கள். என் வீட்டில் மீன் வெட்டும் கத்தியைக்கூட வேலை முடிந்ததும் லாச்சிக்குள் போட்டு மூடிவிடுவேன். வாளில் என்ன வடிவு வேண்டிக் கிடக்கிறது என்று கேட்டேன். இவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். சரி, வந்து தொலைக்கிறேன் என்று போனேன்.

ஊதா நிறப் பட்டுப் பையிலிருந்து மேல்வீட்டுக் கிழவர் அதை எடுத்தார். முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்கும்தான் நீளம். உறை கறுப்பு அரக்குப் பூச்சு. சாதாரணக் கறுப்பு என்று நினைத்தேன். யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியபோது உள்ளே பொன்தூள் மாதிரி ஏதோ மிதந்தது. மெல்லிய அரக்கைப் பூசி, காயவிட்டு, தேய்த்து, திரும்பப் பூசி, அப்படியே மாதக்கணக்காக ஏற்றிய மெருகு என்று சொன்னார். வாலிப வயதில் கப்பல் யப்பான் துறைமுகத்தில் நின்றபோது, பழைய மணிக்கூடும் செருப்பும் விற்கும் ஒரு கடையில், குடைகளுக்கு நடுவில் செருகிக் கிடந்ததைக் கண்டு வாங்கினாராம். அப்போது அது என்னவென்று அவருக்குத் தெரியாது. பிடித்திருந்தது, வாங்கினேன், பிறகு அறுபது வருடமாக அதைப் பற்றிப் படித்துக்கொண்டே இருக்கிறேன் என்றார்.

அவர் காட்டிய விதம்தான் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அவருக்கு அப்போதே பார்வை போய்க்கொண்டிருந்தது. எதைப் பார்த்தாலும் நடுவில் கறுப்புப் பொட்டு, ஓரம் மட்டும் மங்கலாகத் தெரியும். அதனால் கண்ணை எங்கோ சுவரில் வைத்துக்கொண்டு விரலால் காட்டுவார். கைபிடிக்கும் அலகுக்கும் நடுவில் ஒரு இரும்புத் தட்டு. அதில் நாணல் சாய்ந்திருக்க, அதன் அடியில் ஒரு நண்டு. நண்டின் கண் இரண்டும் கடுகிலும் சிறிய பொன் பொட்டுகள். இரும்பில் நுண்ணிய குழி வெட்டி, பொன்னை அதற்குள் அடித்து இறுக்கியிருந்தான் அந்த வேலைக்காரன். கிழவர் பெருவிரலை வைத்தார் என்றால் நேரே அந்தக் கண்ணில்தான் போய் நிற்கும்.

"ஒடியல் கூழுக்கு இந்த நண்டு காணாது" என்றேன் நான், கோபம் முழுக்க இறங்காமல். இவர் மொழிபெயர்த்தார். கிழவர் மேசையில் அடித்துச் சிரித்தார்.

கைபிடிதான் என்னை மடக்கிப்போட்டது. பட்டு நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகச் சுற்றியிருந்தார்கள். சாய்சதுரச் சாய்சதுரமாக இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் வெள்ளைச் சொரசொரப்பு தெரிந்தது. விரலால் தொட்டேன்; தொட்டதும் தெரிந்துவிட்டது.

"இது திருக்கைத் தோலெல்லோ!"

திருக்கையை எங்கள் ஆட்களுக்கு இரண்டு விதத்தில் தெரியும். ஒன்று கறி, மற்றது வாலால் விழும் அடி. அதன் தோலை யப்பான்காரன் வாள்பிடிக்கு உடுத்துவான் என்று யார் கண்டது! நாடா வழுக்காமல் இருக்கத்தான் அந்தச் சொரசொரப்பு என்றார் கிழவர். நாடாவின் முடிச்சுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் சின்னச் சின்னத் தும்பிகள், செம்பில் செய்தவை, பாதி மறைந்து கிடந்தன. யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு வேலை. நான் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அந்தச் சிரிப்புக்காகவே கையை எடுத்துவிட்டேன்.

அலகை இவர்தான் உருவினார். விளிம்பு நெடுக வெண்மையாக ஒரு அலை ஓடியது, வடித்த கஞ்சி ஆறும்போது ஓரத்தில் படியும் ஆடை மாதிரி. களிமண் பூசி நெருப்பில் வைத்துத் தண்ணீரில் தோய்க்கும் அந்த ஒரு நொடியில் அந்த அலை பிறந்துவிடுகிறதாம், பிறகு அழியாதாம். இவ்வளவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது கைபிடிக்குள் குறுக்கே செருகிய ஒரேயொரு மூங்கில் ஆப்பு. அதைத் தட்டி எடுத்தால் வாள் முழுவதும் துண்டு துண்டாகக் கையில் வந்துவிடும். ஆணி இல்லை, ஒட்டுப்பசை இல்லை. என் மனுசனுக்கு அந்த ஆப்பில்தான் பைத்தியம். பட்டறையில் எல்லாருக்கும் அதைச் சொல்லித் திரிந்தார்.

அதற்குப் பிறகு அலகுக்கு எண்ணெய் போடும் வேலை இவருடையதாயிற்று. கிழவர் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு முறையும் ஒரே எச்சரிக்கையைச் சொல்லுவார்: அலகில் கை படக்கூடாது, மூச்சுக்கூடப் படக்கூடாது, ஈரம் பட்டால் துருப்பிடிக்கும், துருதான் இதற்கு எமன். இவர் அதைத் தேவாரம் மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கைபிடியைக் கழற்றும் தேவை ஒருநாளும் வரவில்லை. ஆப்பை எப்படித் தட்டுவது என்று மட்டும் கிழவர் விரலால் காட்டிக் கொடுத்திருந்தார்.

போன வருடம் கிழவர் வீட்டைவிட்டுப் போவது முடிவாயிற்று. இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். நகரசபைக் கொம்யூன்காரர் வந்து பார்த்து, திராமன் ஊரில் அவருடைய மகளுக்குக் கிட்டவாக முதியோர் இல்லத்தில் ஒரு அறை எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு அலுமாரி, ஒரு கதிரை. அங்கே வாள் கொண்டுபோக விடமாட்டார்கள். மகள் வீட்டில் சின்னப் பிள்ளைகள், அவள் ஒரேயடியாக மாட்டேன் என்றுவிட்டாள். யாரும் எடுக்காவிட்டால் போலிசில் கொடுத்துவிடுவோம் அப்பா, அவர்கள் உருக்கிவிடுவார்கள், அதுதான் எல்லாருக்கும் நல்லது என்றாளாம். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லமாட்டேன். முதலில் கேட்டபோது நானும் கிட்டத்தட்ட அதைத்தானே சொன்னேன். ஆனால் உருக்கிவிடுவார்கள் என்று அவர் எங்களிடம் சொன்ன குரலைக் கேட்டபோது எழும்பிப்போய் அவருக்கு இன்னொரு தேநீர் போட்டுக் கொடுத்தேன். மனைவியின் உடுப்புகளைக் கொடுத்தார், புத்தகங்களைக் கொடுத்தார், கப்பல் படங்களைக்கூடக் கொடுத்துவிட்டார். இந்த ஒன்றுக்குத்தான் ஒரு இடம் தேடினார்.

கடைசியில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து பதில் வந்தது. கீழைநாட்டுப் பொருட்களைப் பற்றித் தெரிந்த ஒரு அம்மா நேரில் வந்து பார்ப்பார், பழமையும் தன்மையும் சரியாக இருந்தால் எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். கிழவர் அன்றைக்கு வடையைக் கையால் எடுத்துச் சாப்பிட்டார். அவ்வளவு சந்தோசம்.

அந்த அம்மா வருவதாகச் சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின வாரம் எங்களுக்கு நவராத்திரி முடிவு. என் மனுசன் ஒவ்வொரு வருடமும் சரஸ்வதி பூசையன்று பட்டறையின் ஸ்பானர் சாவிகளையும் குறடுகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவித் துடைத்து, வெள்ளைத்துணி விரித்து அடுக்கி, சந்தனப்பொட்டும் குங்குமமும் வைப்பார். பட்டறைப் பொறுப்பாளருக்கு முதல் வருடம் விளங்கவில்லை. இப்போது அவரே, "உன் சாவிகளுக்கு விடுமுறை வந்துவிட்டதா" என்று கேட்பாராம். இந்த முறை இவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

"அந்த வாளையும் ஒருக்கா வைப்பம். மியூசியத்துக்குப் போனாப் பிறகு ஆர் அதைக் கும்பிடப் போயினம்?"

"யப்பான்காரன் வாளுக்கு எங்கடை சரஸ்வதி என்ன உறவு?" என்றேன்.

"வேலைதானே உறவு" என்றார்.

சொன்ன கையோடு மேலே போய்க் கேட்டார். கிழவர் உடனே ஓமென்றுவிட்டார். வெளியில் வாளோடு நடமாடக்கூடாது என்று சட்டம் இருப்பதால், ஒரு மாடி இறங்குவதற்கே இவர் அதைப் பட்டுப்பையோடு வேட்டியில் சுற்றி, அரிசிப் பைக்குள் வைத்துக் கொண்டுவந்தார். படிக்கட்டில் எதிரே வந்த பெண் அரிசி விலை கூடிவிட்டதா என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தார்.

பூசையன்று எனக்குக் காலை வேலை. பாலர் பள்ளியில் பிள்ளைகளின் மூக்கையும் கையையும் துடைத்துவிட்டுப் பின்னேரம் வந்து கதவைத் திறக்கிறேன், வீடு முழுக்கப் புளி வாசம். குசினித் தொட்டியில் குத்துவிளக்கு, தட்டம், செம்பு எல்லாம் பளபளவென்று காய்ந்துகொண்டிருந்தன. இவர் இடுப்பில் சாரத்தோடு நிலத்தில் சம்மணம் கட்டி இருந்தார். கையில் வாளின் வால். கைபிடிக்குள் மறைந்திருக்கும் பகுதியைக் கிழவர் அப்படித்தான் சொல்லுவார். பக்கத்தில் புளிக் கரைசல், கம்பித் தூரிகை, நுண்ணிய உப்புத்தாள்.

"என்னப்பா செய்யிறியள்?"

"பாவம் மனுசன், கண் தெரியாததாலை கவனிக்கேல்லை. ஆப்பைத் தட்டிக் கழட்டிப் பாத்தால், உள்ளுக்கை துரு கட்டிப்போய்க் கிடக்குது! கறுத்து, பொருக்குப் பிடிச்சு. திங்கக்கிழமை அந்த மனிசி கழட்டிப் பாத்தால் என்ன நினைப்பா? ஒழுங்காப் பராமரிக்கேல்லை எண்டு சொல்லமாட்டாவே? காலமை துவங்கினனான், இப்பத்தான் முடிஞ்சுது. பாருங்கோவன், எப்படி மின்னுது!"

பெரிய சந்தோசத்தில் இருந்தால் எனக்கே "பாருங்கோ" போட்டு மரியாதையாகக் கதைப்பார். உண்மையாகவே மின்னியது. இரும்பு நிறம் போய் வெள்ளி நிறம். அதில் யப்பான் எழுத்து நாலைந்து, மெல்லிய கோடாகத் தெரிந்தது. இரும்புத் தட்டை அவர் தொடவில்லை. அந்தக் கறுப்பு வேலைக்காரன் பூசிய கறுப்பு என்று விளங்கியிருக்கிறது. அலகையும் தொடவில்லை. துருவைத்தான் தொட்டார். துருப்பிடித்த இரும்பை அம்பாளுக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கமில்லை. எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நல்ல வேலை என்று நானும் சொன்னேன்.

துண்டு துண்டாகவே வெள்ளைத்துணியில் அடுக்கினார். முதலில் அலகு, பிறகு அதன் அடியில் செருகியிருந்த செம்புப் பட்டை, நண்டுத் தட்டு, கைபிடி, மூங்கில் ஆப்பு, உறை. அந்தப் பக்கம் பதினேழாம் இலக்கச் சாவியும் குறடும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. வாலில் மூன்று விரலால் திருநீற்றுக் குறியும் போட்டார். நான் அவலும் கடலையும் வைத்தேன். கிழவர் இறங்கி வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கதிரையில் இருந்தார். மணி அடிக்கும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு விளக்கின் சுடர் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"பூ வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

வைத்திருக்கிறோம் என்றேன்.

"அதற்கா?"

அதற்கும்தான் என்றேன். கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். சாம்பிராணிப் புகையாக்கும் என்று யன்னலைத் திறந்துவிட்டேன்.

பூசை முடிந்ததும் இவர் வாளைப் பழையபடி பொருத்தி மேலே கொண்டுபோய் வைத்தார். திங்கட்கிழமை பட்டறையில் அரை நாள் லீவு எடுத்து, புதுச் சேட்டுப் போட்டுக்கொண்டு மேலே போனார். நானும் தேநீர் போட்டுக் கொடுக்கவென்று போயிருந்தேன். அருங்காட்சியக அம்மா மெலிந்தவர், மெல்லப் பேசுபவர், வெள்ளைக் கையுறை கொண்டுவந்திருந்தார். அரக்குப் பூச்சைப் பார்த்ததும் மூச்சை உள்ளே இழுத்தார். நண்டைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டார். அலகைச் சாய்த்துச் சாய்த்து அந்த அலையை நுனியிலிருந்து அடி வரைக்கும் பார்த்தார். கிழவர் கதிரை விளிம்பில் இருந்தபடி அவருடைய மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தார். சரிவந்துவிடும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பிறகு அந்த அம்மா சின்னச் சுத்தியலால் மூங்கில் ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டுக் கைபிடியைக் கழற்றினார்.

அவருடைய கை அப்படியே நின்றது.

"இதை யார் துப்பரவு செய்தது?"

என் மனுசன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயர்த்தினார். "நான்தான்" என்றார். பாராட்டு வரும் என்று முகமெல்லாம் மலர்ந்திருந்தது. 

அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சொன்னார். அலகைத்தான் துரு பிடிக்காமல் காப்பார்களாம். வாலில் பிடிக்கும் துருவை யாரும் தொடவே மாட்டார்களாம். அந்தக் கறுப்புத்தான் வாளின் வயதாம். எந்தக் காலத்தில் அடித்தது, செதுக்கிய பெயர் உண்மையா பொய்யா என்பதற்கெல்லாம் அதுதான் சாட்சியாம். யப்பானில் ஆயிரம் கைகளுக்கு மாறிய வாளிலும் அந்த இடத்தை மட்டும் ஒருவரும் தேய்க்கமாட்டார்களாம். இப்போது இது முந்நூறு வருடப் பழசாகவும் இருக்கலாம், நூறு வருடப் பழசாகவும் இருக்கலாம். இனி ஒருவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

கிழவர் கையை நீட்டினார். அந்த அம்மா வாலை அவருடைய விரலுக்குக் கீழே பிடித்தார். பெருவிரல் ஒரு தடவை மேலே போனது, ஒரு தடவை கீழே வந்தது. வழுவழுவென்று போனது எனக்குப் பார்க்கவே தெரிந்தது.

"நான்தான் செய்யச் சொன்னேன்" என்றார் கிழவர். "வயதாகிவிட்டது, யோசிக்காமல் சொல்லிவிட்டேன்."

பொய். அந்த அம்மாவுக்கும் அது பொய் என்று தெரியும். என் மனுசனுக்கு அந்த மொழியில் மறுத்துச் சொல்ல ஒரு சொல்லும் வரவில்லை.  பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று ஊரில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்போம். அன்றைக்கு அது என் வீட்டுக்காரரின் கையில் முடிந்து கிடந்தது.

அருங்காட்சியகம் எடுக்கவில்லை. மரியாதையாக எழுதியிருந்தார்கள், வருத்தத்தோடு என்றுகூட எழுதியிருந்தார்கள். மகள் போலிசுக்குக் கொடுக்கும் நாளைக் கேட்டு வைத்துவிட்டாள்.

இவர் மேலே போவதை நிறுத்திவிட்டார். மேலே மட்டுமில்லை, கோயிலுக்கும் போகவில்லை. சாப்பிட இருந்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். ரொம்மனில் இருக்கும் எங்கள் மகள் வந்து, அப்பா, கூகிளில் ஒரு தடவை தேடியிருந்தால் முதல் வரியிலேயே போட்டிருப்பார்கள் என்றாள். பிள்ளை நல்லதுக்குத்தான் சொன்னாள். நான் அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய் வாயை மூடு என்றேன்.

எனக்கு எல்லார் மேலும் கோபம். துருதான் எமன் என்று நூறு தடவை சொன்ன கிழவர், வாலில் மட்டும் அது சாமி என்று ஒரு தடவை சொல்லியிருக்கக்கூடாதா? இந்த மனுசன் ஒரு வார்த்தை கேட்டிருக்கக்கூடாதா? சாட்சியைக் கைபிடிக்குள் ஒளித்து வைத்த யப்பான்காரன் மேல்கூடக் கோபம். ஒவ்வொரு பின்னேரமும் சாப்பாட்டுப் பெட்டியோடு நான்தான் மேலே போய் வந்தேன். கிழவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"அவர் என்மேல் கோபமா?"

"உங்கள்மேல் அவருக்கு என்ன கோபம்? உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு."

"எனக்கும்தான் அவருடைய முகம் தெரியாது" என்பார், கண்ணைக் காட்டி. அந்தக் கேலியைக் கீழே வந்து இவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை.

வீடு மாறும் நாள் வந்தது. பெட்டிகள் இறங்கிப் போகும் சத்தம் காலையிலிருந்து படிக்கட்டில் கேட்டுக்கொண்டிருந்தது. கிழவரின் மகள் கீழே காரை நிறுத்திக்கொண்டு நின்றாள். வழியனுப்பப் போவோம் வாருங்கோ என்றேன். இவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அப்போது மணி அடித்தது. திறந்தேன். கிழவர் ஒரு கையில் வெள்ளைத்தடியும் மறுகையால் நெஞ்சோடு அணைத்த ஊதாப் பட்டுப்பையுமாக நின்றார். தனியாகவே படியிறங்கி வந்திருக்கிறார்.

"நீ வரவில்லை, நான் வந்துவிட்டேன்" என்று வீட்டுக்குள் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

அறைக்கதவு திறந்தது. இவர் வந்து அவருக்கு முன்னால் நின்றார். இத்தனை நாளும் ஒரு வசனத்தை மனதுக்குள் சொல்லிப் பழகியிருக்கிறார், தடங்கலில்லாமல் வந்தது.

"நான் அதைக் கெடுத்துவிட்டேன்."

"ஆம்" என்றார் கிழவர். "கெடுத்துவிட்டாய். எனக்கு உன்மேல் மிகுந்த கோபம் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிறகு ஒவ்வொரு மாலையும் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் இதை வாங்கினேன், படித்தேன், வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்தேன். அந்த அம்மா இதை ஒரு லாச்சிக்குள் இலக்கம் போட்டு வைத்திருப்பார். ஒருவருக்காவது இதற்குப் பூ வைக்கத் தோன்றியதா? நீ வைத்தாய். நீ எடுத்துக்கொள்."

அவருடைய கையிலிருந்து தடியை நான் வாங்கிக்கொண்டேன். பையை இரண்டு உள்ளங்கையிலும் கிடத்தி நீட்டினார், யப்பான் முறைப்படி. எங்கள் ஆட்கள் கத்தியைக் கைக்குக் கை வாங்கமாட்டார்கள், பகை வந்துவிடும் என்று. மேசையில் வையுங்கள், எடுக்கிறேன் என்போம். வீட்டில் நானும் இவரும் வெங்காயம் வெட்டும் கத்தியைக்கூட அப்படித்தான் மாற்றிக்கொள்வோம். மேசை பக்கத்திலேயே இருந்தது. இவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை. சாரத்தில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார்.

கிழவர் உடனே விடவில்லை. பையின் மேல் இரண்டு பேருடைய நான்கு கைகளும் இருந்தன.

"துரு திரும்ப வரும்" என்றார். "அதே கறுப்பு வரும். அதற்கு ஒரு இருநூறு வருடம் வேண்டும். அதுவரைக்கும் நீ தொடாமல் இருந்தால் போதும். முடியுமா?"

"ஓம்" என்றார் என் மனுசன், தமிழில். "ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்."

கிழவர் கையை எடுத்தார்.